ஆலோசனை அறையில் பேசுவது வெளியே கேட்பது ஏன்?

நம் ஊர்களில் மனநல ஆலோசனை மையங்கள் பலவும் அடுக்குமாடி வீட்டிலோ வணிக வளாகத்தின் மாடியிலோதான் நடக்கின்றன. குடியிருக்கக் கட்டிய ஹாலை ஜிப்சம் பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் ஆலோசகரும் மறுபக்கம் காத்திருப்பவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வரவேற்பாளர் போனில் பேசுவது உள்ளே தெளிவாகக் கேட்டால், தான் பேசுவதும் வெளியே கேட்கும் என்று வந்தவருக்குப் புரிந்துவிடும். குரலைத் தாழ்த்திக்கொள்வார், சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவார். ரகசியம் வெளியே போகாவிட்டாலும் சிகிச்சை அப்போதே கெட்டுவிடுகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் பிரிவு 23, சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகளும் அதில் உண்டு. ஆனால் சுவரும் கதவும் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை. அது அறையை அமைப்பவரின் பொறுப்பு.

எங்கே கசிகிறது?

சுவர் மெல்லிசு என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் கசிவது இடுக்குகளில்தான். 100 சதுர அடிச் சுவர் ஒன்று, பேச்சொலியை 45 டெசிபல் அளவுக்குக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 அடி அகலக் கதவு. கதவுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி. சுவரின் பரப்பில் அது 0.125 சதவீதம்தான். ஆனாலும் கணக்குப்படி மொத்தத் தடுப்பு 30 டெசிபலுக்கும் கீழே இறங்கிவிடும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். அதில் 30 போனாலும் மீதி 30. நிசப்தமான அறையில் சொற்களைப் பிடிக்க அது போதும்.

கதவுக்கு அடுத்தது மேற்கூரை. தடுப்புச் சுவரை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டால், ஒலி அதற்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். தடுப்பு, கான்கிரீட் தளம் வரை போக வேண்டும். சுவரின் இரு பக்கமும் நேருக்கு நேர் வைத்த சுவிட்ச் பெட்டிகள், ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை ஆகியவையும் பேச்சுக்கு வழிவிடும்.

ஃபோம் ஒட்டினால் போதாதா?

போதாது. சுவரில் ஒட்டும் ஃபோம், முட்டை அட்டை, தரைவிரிப்பு, திரைச்சீலை எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒலி வெளியே போகாமல் தடுக்க எடை வேண்டும், இடுக்கில்லாமல் இருக்க வேண்டும். செங்கல் சுவர் எடையால் தடுக்கிறது. ஜிப்சம் தடுப்பாக இருந்தால், பக்கத்துக்கு இரண்டு பலகை வைத்து, நடுவே ராக்வுல் நிரப்பி, விளிம்புகளை சீலன்ட்டால் அடைக்க வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள ஃப்ளஷ் கதவுக்குப் பதில் கெட்டி மரப்பலகைக் கதவும், நிலையைச் சுற்றி ரப்பர் பட்டையும், அடியில் தரையைத் தொடும் பட்டையும் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

சொல் புரியாமல் இருந்தால் போதும்

ஒலி துளியும் வெளியே வரக்கூடாது என்பது ஸ்டூடியோவுக்கான இலக்கு. ஆலோசனை அறைக்கு அவ்வளவு தேவையில்லை. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியலாம், என்ன பேசுகிறார்கள் என்று தெரியக்கூடாது. காத்திருக்கும் இடத்தில் மின்விசிறியோ ஏசியோ சீராக இரைந்துகொண்டிருந்தால், கசிந்து வரும் பேச்சு அதில் அமுங்கிவிடும். மின்சாரம் போய் மின்விசிறி நின்றதும், அதுவரை முணுமுணுப்பாக இருந்தது வாக்கியமாகக் கேட்கத் தொடங்கும்.

சீரான இரைச்சலை எழுப்பும் 'வைட் நாய்ஸ்' கருவியின் வேலையும் இதுதான். அதை அறைக்கு வெளியே, கதவருகே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் பேசுபவர் அதற்கு மேல் குரலை உயர்த்துவார். கருவி பேட்டரியிலோ இன்வெர்ட்டரிலோ ஓடுவது நல்லது. டிவி இதற்கு ஈடாகாது. வசனத்துக்கு வசனம் இடைவெளி விழும்.

செலவில்லாத சோதனை

கட்டட வேலைக்கு முன் இரண்டு சோதனைகள். இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு, வெளியே இருட்டாக்கிப் பாருங்கள். கதவைச் சுற்றி வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஒலி வரும் வழி. அடுத்து, ஒருவர் உள்ளே நாளிதழைச் சாதாரணக் குரலில் வாசிக்கட்டும். மற்றவர் வெளியே உட்கார்ந்து காதில் விழும் சொற்களை எழுதட்டும். முழு வாக்கியம் தாளில் ஏறினால் கதவிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். காத்திருப்பு நாற்காலிகளைப் பொதுச் சுவரை விட்டு எதிர்ப்பக்கம் நகர்த்துவதற்குக் காசே செலவில்லை.

ஆலோசனைக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். முதல் நாள் கொஞ்சம் முன்னதாகப் போய் வெளியே உட்காருங்கள். உள்ளே இருப்பவரின் சொற்கள் காதில் விழுந்தால், கூச்சப்படாமல் ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். கதவடிப் பட்டை சில நூறு ரூபாய்தான். அதைக்கூடப் போட மனமில்லாத இடமென்றால் வேறு ஆலோசகரைத் தேடுவதில் தவறில்லை.