நூலகத்துப் பேச்சு நமக்கும்தான்



மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். இந்தப் பேரை எழுதாத குழு நம்ம வட்டாரத்தில் இருக்காது. 1989-ல் திருமண உதவித் திட்டமாக வந்தது. 2022-ல் இருந்து அதே பேரில், அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். புதுமைப் பெண் திட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதேமாதிரி, நம்ம வீட்டுப் பிள்ளை மாசமாக இருந்தால் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி. விதவை மறுமணம் என்றால் தர்மாம்பாள் அம்மையார் திட்டம். மனு எழுதுகிறோம், ஜெராக்ஸ் எடுக்கிறோம், ஆபீஸுக்கு நடக்கிறோம். ஆனால் யார் இந்த அம்மாக்கள்? எதுக்காக இவங்க பேரை வைத்தார்கள்? கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்?

இதைச் சொல்லுகிற இடம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் நூலகம். நூலகம் என்றால் பேப்பர் படிக்கிற பெரியவர்களும், பரீட்சைக்குப் படிக்கிற பையன்களும் உட்காருகிற இடம் என்றுதான் நினைத்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே புத்தகம் மட்டும் இல்லை, பேச்சும் உண்டு. நம் மாநிலப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒரு அமைப்பு இருக்கும். நூலகருடன் சேர்ந்து, ஊரில் படிப்பில் அக்கறை உள்ள நாலு பேர் நடத்துவது. சரித்திரம், சட்டம், உடல்நலம், பிள்ளைகள் படிப்பு என்று ஏதாவது ஒரு விஷயம் தெரிந்தவரை அழைத்து வந்து பேசச் சொல்வார்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம் பேச்சு. அப்புறம் கேள்வி கேட்கலாம். டிக்கெட் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியணும் என்ற கட்டாயமும் இல்லை. காது கேட்டால் போதும்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்று சனிக்கிழமை சாயங்காலம் நடந்த பேச்சுகள் பெயர் பெற்றவை. 2023-ல் மதுரையிலும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாகிவிட்டது. அதெல்லாம் பெரிய ஊர் சங்கதி. நம் பக்கமும் இதில் ஒன்றும் சளைத்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் இருக்கிறதே, அது ஆரம்பித்தது 1875-ல். அப்போது நம்ம ஊரெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. அந்த ஜில்லா கலெக்டர் பேரில்தான் நூலகம். சென்னையில் பெரிதாகப் பேசப்படுகிற கன்னிமாரா நூலகம் திறந்ததே 1896-ல். அதைவிட 21 வருடம் மூத்தது நம்ம ஊர் நூலகம். ஆண்டாள் கோவிலுக்கும் பால்கோவாவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறோம், இந்தப் படி ஏறினவங்க கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை தூக்கும்?

ராஜபாளையத்துக்காரர்களுக்கும் ஒரு பெருமை உண்டு. நாடு சுதந்திரம் அடைந்ததும் இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம்தான், 1948-ல். கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டு வந்தார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலக அறிவியலின் தந்தை என்று சொல்வார்களே, அவருடைய பல வருட உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. சட்டம் 1950-ல் அமலுக்கு வந்தபோது முதலமைச்சராக இருந்தவர் நம் ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா. தன்னுடைய வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர்.

அந்தச் சட்டத்தில்தான் நூலக வரி வந்தது. இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 200 ரூபாய் வீட்டு வரி என்றால் கூட 20 ரூபாய் நூலகத்துக்கு. ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். அதனால் 'நாம போனா என்ன நினைப்பாங்களோ' என்று தயங்க வேண்டாம். வருஷா வருஷம் துட்டு கட்டியிருக்கோம். உள்ளே போய் உட்காருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சரி, பழைய கதையைக் கேட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்பீர்கள். களையெடுப்பு இருக்கு, மில் ஷிப்ட் இருக்கு, சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் தறி ஓட்டுகிறவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. நியாயமான கேள்விதான். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி வந்து, 'தங்கச்சி, பத்திர ஆபீஸ் வரைக்கும் வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ' என்று கூப்பிடுவது நம் எல்லா ஊரிலும் நடக்கிறது. அது விடுதலைப் பத்திரம். எனக்கு இந்தச் சொத்தில் பாத்தியதை இல்லை, விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. 'உனக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சாச்சே' என்பார்கள். சேலை ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடக் கூடாதே என்று நாமும் போட்டுவிடுவோம். போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் என்ன எழுதியிருக்கு என்றே தெரியாமல் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

இந்த உரிமை எப்படி வந்தது? 1929-ல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு நடந்தது. ஆணைப் போலப் பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அப்போது சிரித்தவர்கள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள்! சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. ஆனால் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம இடம் இல்லை. 1989-ல் தமிழ்நாட்டில் அதையும் மாற்றிச் சட்டம் போட்டார்கள். 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்களுக்கு மட்டும் அது கிடையாது. அதனால்தான் ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கச்சிக்கு உண்டு என்று குழப்பம் நடந்தது. 2005-ல் மத்திய அரசு நாடு முழுமைக்கும் சட்டத்தைத் திருத்தி அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. 2005-க்கு முன்னாலேயே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு, அது பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறைப்படி பாகம் பிரித்துப் பதிவு செய்த சொத்தைத் திரும்பக் கிளற முடியாது. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாநாட்டில் பேசியதற்கும் மாநிலச் சட்டத்துக்கும் நடுவில் 60 வருடம். அதைச் சரித்திரம் என்று சொல்வீர்களா, இன்றைய பிரச்சினை என்று சொல்வீர்களா? நூலகத்தில் ஒரு வக்கீலம்மா வந்து ஒரு மணி நேரம் இதைப் பேசினால், அங்கே உட்கார்ந்திருக்கும் 40 பேரில் நாலு பேராவது அடுத்த தடவை பத்திர ஆபீஸில் 'படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்' என்று சொல்லுவார்கள்.

ஆரம்பத்தில் கேட்ட பேர்களுக்கு வருகிறேன். ராமாமிர்தம் அம்மையார் 1883-ல் பிறந்தவர். பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குடும்பங்களில் வளர்ந்து, அந்த வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் அதைப் பற்றி நாவலே எழுதினார். 1938-ல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியில் இருந்து சென்னைக்கு நடந்தே போனதில் அவரும் நடந்தார். அப்போது அவருக்கு 55 வயது. முத்துலெட்சுமி அம்மா 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண் பிள்ளைகள் கல்லூரி வாசலையே மிதிக்காத காலத்தில் 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1927-ல் சென்னை சட்டசபையில் உட்கார்ந்து, பொட்டுக்கட்டுவதை நிறுத்த வேண்டும், சிறு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்று வாதாடினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் ஆரம்பித்ததுதான், 1954-ல். நம்மில் பலர் உறவுக்காரரைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருப்போம்.

பெண்ணின் கல்யாண வயதும் இப்படித்தான் ஏறியது. 1929-ல் சட்டப்படி 14. சுதந்திரத்துக்குப் பிறகு 15. 1978-ல் 18. 2006-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இன்னும் கடுமையாக வந்தது. இத்தனைக்குப் பிறகும் பத்தாவது முடித்த பிள்ளையை 'நல்ல இடம் வருது' என்று கட்டிக் கொடுப்பது நின்றபாடில்லை. இல்லாவிட்டால் மில் ஹாஸ்டல். மூன்று வருடம் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டம் என்ற பேரில் பிள்ளைகளைக் கூட்டிப் போனதை நாம் பார்த்திருக்கிறோம். முழுப் பணம் கைக்கு வராமல், உடம்பு கெட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற இரண்டு நம்பரும் தெரிந்தால் மட்டும் போதாது. எப்போது கூப்பிடலாம், கூப்பிட்டால் என்ன நடக்கும், யார் வீட்டுக்கு வருவார்கள் என்று விவரமாகச் சொல்ல ஆள் வேண்டும். அதற்கும் நூலகக் கூட்டம் ஏற்ற இடம். சமுதாயக் கூடத்தில் வைத்தால் சாதி பார்த்து வராதவர்கள்கூட நூலகத்துக்கு வருவார்கள்.

சாதி என்று சொன்னதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரித்திரம் என்ற பேரில் மேடையில் எதை வேண்டுமானாலும் பேசுகிறவர்களும் உண்டு. 'நாமதான் ஆண்ட பரம்பரை' என்று நரம்பு புடைக்கப் பேசுவார்கள். கேட்கிற இளவட்டத்துக்கு ரத்தம் சூடாகும். 1997-ல் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு பேர் வைத்ததை ஒட்டி நம் பகுதியில் மூண்ட கலவரம் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. கடைசியில் மாவட்டம், போக்குவரத்துக் கழகம் எல்லாவற்றிலும் இருந்து தலைவர்கள் பேரை அரசு எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டமாக இருந்த நாம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். ஜெயிலுக்குப் போனது பையன்கள். ஜாமீனுக்கு நகையை அடகு வைத்தது அம்மாக்கள். அதனால் பேச்சாளர் யாராக இருந்தாலும், 'ஐயா, இது எந்தக் கல்வெட்டுல இருக்கு? எந்த வருஷம்?' என்று கேட்கப் பழகணும். உண்மையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார். சந்தோஷப்படுவார்.

சோழபுரம் சகோதரிகள் ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். நம்முடையது பாண்டிய நாடு. இங்கே சோழன் பேரில் ஒரு ஊர் எப்படி வந்தது? ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சோழ ராஜாக்கள் பாண்டிய நாட்டைப் பிடித்து, சோழபாண்டியர் என்ற பட்டத்தோடு தங்கள் பிள்ளைகளையே இங்கே ஆள வைத்தார்கள் என்பது கல்வெட்டில் இருக்கிற சரித்திரம். நம்ம ஊர்ப் பேருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டு, கோவில் சுவரைக் காட்டிக் கேட்டால் போச்சு.

கூட்டங்களில் குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். வரவேற்புரை, பொன்னாடை, போட்டோ என்று அரைமணி நேரம் போய்விடும். பேச்சு ஆரம்பிக்கும்போது நமக்கு உலை வைக்கிற நேரம் வந்துவிடும். பெரும்பாலும் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு வைக்கிறார்கள். அது ஆண்களுக்குத் தோதான நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வையுங்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, அதனால் ஞாயிறு திறந்திருக்கும்.

கேட்பது எப்படி? குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பேரில் நூலகரிடம் ஒரு மனு கொடுங்கள். என்ன தலைப்பு வேண்டும், எத்தனை பேர் வருவோம், எந்த நேரம் என்று எழுதுங்கள். நகல் ஒன்றை விருதுநகரில் உள்ள மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். வாசகர் வட்டத்தில் பெண்களும் சேரலாம். குழுவுக்கு ஒருவராவது சேருங்கள்.

சில ஊர்களில் நூலகமே பூட்டிக் கிடக்கும். 2006-ல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். பிறகு பல இடங்களில் கவனிக்க ஆள் இல்லாமல் சிலந்தி கூடு கட்டியது, நெல் மூட்டை அடுக்கினது எல்லாம் நமக்குத் தெரியும். உங்கள் ஊர் நூலகம் அப்படி இருந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. தீர்மானப் புத்தகத்தில் ஏறினதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

செங்கோட்டை தாண்டி கேரளாவுக்குப் போய் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே கிராமத்து நூலகங்களில் பெண்களுக்கென்றே 'வனிதா வேதி' என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அவர்களே கூடி, அவர்களே தலைப்பு முடிவு செய்து, கூட்டம் நடத்துகிறார்கள். நம் பக்கமும் 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது ராத்திரி அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர்கள் நாம். புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த இயக்கத்தில்தான். அன்றைக்கு அ, ஆ படித்த அக்காமார் இன்றைக்குப் பாட்டி ஆகியிருப்பார்கள். முதல் கூட்டத்துக்கு அவர்களையே பேசச் சொல்லலாமே. அவர்களுக்குப் பேச வெளியூர் ஆள் தேவையில்லை, மைக்கும் தேவையில்லை.

கூட்டத்துக்குப் போகிறபோது ஊக்குநர் நோட்டுப் புத்தகம் கொண்டு போகட்டும். கேட்டதை அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில், சேமிப்பு வாங்கி முடித்த பிறகு, பத்து நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். வர முடியாமல் மில்லுக்கும் தறிக்கும் போனவர்களுக்கு அப்படித்தான் விஷயம் போய்ச் சேரும். எந்தக் குழு என்ன தலைப்பில் கூட்டம் நடத்தியது, எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேள்வி கேட்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.