நேரில் போய்க் கேட்டு எழுதிய பெண்கள்



கணக்கு எழுதுவது என் தொழில். அல்பெர்கேரியாவில் வீட்டுவேலை செய்யும் எங்கள் பெண்களின் சம்பளச் சீட்டுகளைப் பார்க்கிறேன். அதில் மணித்தியாலமும் தொகையும் இருக்கும்; முழங்கால் வலி இருக்காது. அப்படி விடுபட்டுப்போவதை எழுதிய இருவரைப் பற்றியதே இம்மாதப் பேச்சு.

செய்தியாளரைப் போல நேரில் போய், பார்த்து, கேட்டு, உண்மையைத் திரட்டி, அதைக் கதைசொல்லியைப் போல எழுதுவதை இலக்கிய இதழியல் என்பார்கள்.

தமிழில் இதற்கு மிக நெருங்கியவர் ராஜம் கிருஷ்ணன் (1925–2014). தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், தொழிலாளரோடு பேசி, 1979இல் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். பெயர்கள் கற்பனை; வாழ்க்கை கற்பனையல்ல. வெள்ளை உப்பின் மேல் வெயில் பட்டுக் கண் கூசுவது, காலில் புண் ஆறாதது, மேலே உள்ளவர்களின் தொல்லை எல்லாம் பொன்னாச்சி என்ற பெண்ணின் வழியாக வருகின்றன. திராப்பானி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூச்சம் புரியும். இலங்கை மலையகத் தமிழர் பற்றியும் 'மாணிக்கக் கங்கை' எழுதினார்.

மற்றவர் தாச்சா மராயினி, 1936இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது ஜப்பானில் பெற்றோருடன் முகாமில் அடைபட்டு, போருக்குப் பின் பலெர்மோவுக்குப் பக்கத்து பாகேரியாவுக்கு வந்தார். முகாம் வாழ்க்கை எங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். பெண்கள் சிறைகளின் நிலையை அறியப் போன இடத்தில் தெரேசா என்ற பெண்ணைச் சந்தித்தார். அவர் சொன்னவற்றைக் கொண்டு 1972இல் 'ஒரு திருடியின் நினைவுகள்' வெளிவந்தது. அடுத்த ஆண்டே அது படமாகவும் வந்தது.

ராஜம் கிருஷ்ணன் பக்கத்தில் நின்று பார்த்து எழுதுகிறார். மராயினியின் நூலிலோ தெரேசாவே 'நான்' என்று பேசுகிறார். இரண்டிலும் ஒரு கேள்வி உண்டு: அனுபவம் ஒருவருடையது, புத்தகத்தில் பெயர் இன்னொருவருடையது. ஆகவே நேர்மை வேண்டும்.

இத்தாலியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் கதை தமிழில்தான் இருக்கிறது. அந்தத் தமிழ் உங்களிடம் இருக்கும்போதே கேளுங்கள். பெரிய கேள்விகள் வேண்டாம். முதல் சம்பளம் எவ்வளவு? ஊருக்குப் போட்ட கடிதத்தில் எதை மறைத்தீர்கள்? ஆண்டையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லும் வரியை அடித்துவிடுங்கள்.