ஆய்வகம் வருகிறது, வகுப்பறை தாங்குமா?

நமது நாடாளுமன்ற நிருபர்

புதுதில்லி: அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் 50 ஆயிரம் "அடல் டிங்கரிங்" ஆய்வகங்கள் நிறுவப்படும் என்று 2025-26-ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அது பிப்ரவரி 1-ஆம் தேதி. அதே ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி காலை, ராஜஸ்தான் மாநிலம் ஜாலாவார் மாவட்டத்தில் பிப்லோதி கிராமத்து அரசுப் பள்ளியின் கட்டடம் இடிந்து விழுந்தது. ஏழு குழந்தைகள் உயிரிழந்தனர். இரண்டுக்கும் இடையே ஆறு மாதம் கூட இல்லை.

நீடித்த தொழில் வளர்ச்சி, புதுமை காணல், பேரிடரைத் தாங்கும் கட்டமைப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து 2015-இல் ஐ.நா. சபை தனது 17 வளர்ச்சி இலக்குகளில் ஒன்பதாவதாக வைத்தது. அதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு செல்ல வேண்டும் என்ற பேச்சுக்குத் தலைநகரில் பஞ்சமில்லை. பேரிடரைத் தாங்கும் கட்டமைப்புக்கான சர்வதேசக் கூட்டமைப்பை 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். அதன் தலைமையகமே தில்லியில்தான் உள்ளது. ஆனால், வகுப்பறையில் எதை, யார், எந்தக் கூரையின் கீழ் கற்பிப்பது என்பதில்தான் சிக்கல்.

நீதிமன்றம் தந்த பாடம்: சுற்றுச்சூழல் கல்வி இந்தியப் பள்ளிகளுக்குள் வந்ததில் அரசைவிட உச்ச நீதிமன்றத்துக்கே பங்கு அதிகம். வழக்குரைஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22-ஆம் தேதி, பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் நிலைமை திருப்திகரமாக இல்லை. 2003 டிசம்பரில், மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கும்படி தேசிய கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கவுன்சிலுக்கு (என்.சி.இ.ஆர்.டி.) நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

தனிப் பாடமாக வைக்காமல் எல்லாப் பாடங்களிலும் கலந்து தருவது என்பதே கவுன்சில் விரும்பிய வழி. கொள்கையளவில் அதில் குறை காண இயலாது. நடைமுறையில், எல்லோருக்கும் உரிய பாடம் யாருக்கும் உரியதாக இல்லாமல் போகும். அதை நீக்கினாலும் கேட்பாரில்லை. கொரோனா காலத்துப் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. செய்த குறைப்பில், பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து எரிசக்தி ஆதாரங்கள் பற்றிய பாடமும், இயற்கை வளங்களை நீடித்த முறையில் நிர்வகிப்பது பற்றிய பாடமும் நீங்கின. பரிணாமக் கொள்கையும் தனிம அட்டவணையும் போனதைப் பற்றி உலகம் முழுவதும் பேசினார்கள். இவ்விரண்டைப் பற்றிய பேச்சு அதில் அடங்கிப்போனது. சொந்தப் பாடநூல்கள் உள்ள தமிழக மாநிலப் பாடத்திட்ட மாணவர்களை அக்குறைப்பு தொடவில்லை.

தில்லியே பாடம்: என்.சி.இ.ஆர்.டி. 2008-இல் வெளியிட்டுப் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் சட்டமும் சமூக நீதியும் பற்றி ஒரு பாடம் உண்டு. போபால் விஷவாயுக் கசிவில் தொடங்கி, தில்லிக்கு வந்து சேரும் பாடம் அது. பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற 1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும், குடியிருப்புப் பகுதிகளில் இருந்த ஆலைகளை மூடவோ இடம் மாற்றவோ சொன்னதையும் அது சொன்னது. அதோடு நிற்காமல், அந்த உத்தரவுகளால் தொழிலாளர்களின் பிழைப்பு போனதையும் சேர்த்தே சொன்னது. பள்ளிப் பாடநூலில் இது அபூர்வமான நேர்மை.

நடந்தது சிறிய விஷயம் அல்ல. 1996 ஜூலையில், அபாயகரமான 168 ஆலைகள் தில்லியில் இயங்கக்கூடாது என்று நீதிமன்றம் கெடு விதித்தது. அடுத்த கட்டமாகச் சிறு ஆலைகளுக்குப் பூட்டுப் போடும் பணி தொடங்கிய 2000 நவம்பரில் தொழிலாளர்களும் பட்டறை உரிமையாளர்களும் வீதிக்கு வந்தனர். ஆலைகளுக்கென்று பவானா போன்ற புறநகர்ப் பகுதிகளில் தொழிற்பேட்டைகள் உருவாயின. அதே பவானாவில் 2018 ஜனவரியில் பட்டாசுக் கிடங்கு ஒன்றில் தீப்பற்றி 17 பேர் இறந்தனர். ஆலை இடம் மாறியதே தவிர, ஆலைக்குள் இருப்பவரின் பாதுகாப்பு உடன் வரவில்லை. "நீடித்த தொழில்" என்ற சொல்லைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு தில்லி ஆசிரியருக்குக் கிடைக்காது.

தமிழக ஆசிரியருக்குத் திருப்பூர் இருக்கிறது. நொய்யல் மாசுபட்ட வழக்கில், எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலைக்குத் தொழில் வந்தாக வேண்டியதாயிற்று. நதி, வேலை, ஏற்றுமதி, புதிய தொழில்நுட்பம் ஆகிய நான்கும் ஒரே கதையில் உள்ளன.

தில்லிப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடம் ஆண்டுதோறும் நடக்கிறது. 2024 நவம்பர் 18-ஆம் தேதி காற்றின் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. பன்னிரண்டாம் வகுப்பு வரை நேரடி வகுப்புகளை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காற்று மாசு பற்றிய பாடத்தை வீட்டில் அமர்ந்து கைப்பேசித் திரையில் படித்தார்கள். கைப்பேசி இருந்தவர்கள் படித்தார்கள்.

"டிங்கரிங்" என்றால் என்ன? தமிழகத்தில் டிங்கரிங் என்றால் நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்தும் பட்டறைதான் நினைவுக்கு வரும். நிதி ஆயோக்கின் அகராதியில், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் உணரிக் கருவிகள், மின்னணுப் பலகைகள், முப்பரிமாண அச்சு இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டு தாங்களே எதையேனும் செய்து பார்க்கும் கூடம். 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் இதுவரை 10 ஆயிரம் கூடங்கள் அமைந்துள்ளன. பள்ளி ஒன்றுக்கு ரூ. 20 லட்சம் மானியம். பாதி அமைப்பதற்கு, மறுபாதி ஐந்து ஆண்டு வரையிலான நடைமுறைச் செலவுக்கு. 2028 மார்ச் வரை இயக்கத்தைத் தொடர ரூ. 2,750 கோடிக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது.

யோசனை நல்லது. பட்டறைச் சிறுவன் கையால் கற்பதைப் பள்ளி மாணவனும் கற்கட்டும் என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால், சமவெளிப் பள்ளி என்றால் 1,200 முதல் 1,500 சதுர அடி இடம் வேண்டும் என்பது தொடக்கத்தில் விதிக்கப்பட்ட நிபந்தனை. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படி கணினி வசதி உள்ள பள்ளிகள் 64.7 சதவீதம், இணைய வசதி உள்ளவை 63.5 சதவீதம். ஒரே ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். எத்தனை ஆய்வகங்கள் என்ற கேள்விக்கு நாடாளுமன்றத்தில் உடனே விடை கிடைக்கும். நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் எத்தனை பள்ளிகள் விண்ணப்பிக்கவே இல்லை என்ற கேள்வியையும் உறுப்பினர்கள் எழுப்பலாம்.

கும்பகோணத்துக்குப் பிறகு: பூஜ் நிலநடுக்கத்துக்குப் பின், 2003-இல் சி.பி.எஸ்.இ. எட்டாம் வகுப்பில் பேரிடர் மேலாண்மையைச் சேர்த்தது. மறு ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள் கருகினர். அதையொட்டிய அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பதில் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பள்ளிக் கட்டடங்களைத் தேசியக் கட்டட விதிகளின்படி மதிப்பிட வேண்டும், தீயணைப்புக் கருவிகள் வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் கூறியது. பிப்லோதி சம்பவம் நடந்தது அத்தீர்ப்புக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து.

நிதி யார் கையில்? அரசுப் பள்ளிகளின் கட்டமைப்புக்கும் பயிற்சிக்கும் பணம் வரும் முக்கிய வழிகளுள் ஒன்று சமக்ர சிக்ஷா திட்டம். பி.எம். ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25-இல் தமிழகத்துக்குரிய ரூ. 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்குச் சென்றபோது எழுந்த அச்சம்தான் இப்போது கணக்கு வடிவில் வந்திருக்கிறது என்று தமிழக உறுப்பினர்கள் கருதினால் அதைத் தவறு என்று சொல்வதற்கில்லை.

இது தமிழகக் கட்சிகளின் குரல் மட்டும் அல்ல. திக்விஜய் சிங் தலைமையிலான கல்வித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, தமிழகம், கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களுக்கு நிதியை நிறுத்தியதை மறுபரிசீலனை செய்யுமாறு 2025 மார்ச்சில் பரிந்துரைத்தது. நிலைக்குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.