பனங்காடை குறைவது தெரியவந்தது எப்படி? பறவை ஆர்வலர்களின் இணையத் தகவல் களஞ்சியம்: ஒரு விளக்கம்

பனங்காடை உள்ளிட்ட 14 பறவையினங்களின் அழிவாபத்து நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என, 2023 ஆகஸ்டில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை பரிந்துரைத்தது. இதற்கு அடிப்படையாக அமைந்தவை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இணையத்தில் அளித்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள்.

களஞ்சியம் எது?

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் முன்னின்று 2002இல் தொடங்கிய 'இ-பேர்டு' தளத்தில் இப்பதிவுகள் சேகரிக்கப்படுகின்றன. மாணவர், இல்லத்தரசி, ஓய்வுபெற்றோர் என எவரும் கட்டணமின்றி இணையலாம்.

பட்டியல் முழுமையாக இருக்க வேண்டியது ஏன்?

கண்ட இடம், நேரம், கால அளவு, நடந்த தொலைவு ஆகியவற்றுடன், அடையாளம் கண்ட அனைத்துப் பறவைகளையும் குறிப்பிடுமாறு ஆர்வலர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். அரிய பறவைகளை மட்டும் குறித்து, காகம், மைனாவை விட்டுவிட்டால் அவற்றின் நிலையை அறிய இயலாது. முழுப் பட்டியலில் ஓர் இனம் இடம்பெறாததும் ஒரு தகவலே. நூறு பட்டியல்களில் எத்தனையில் ஓர் இனம் காணப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட்டே அதன் ஏற்ற இறக்கம் கணிக்கப்படுகிறது.

பிழைகள் தவிர்க்கப்படுவது எவ்வாறு?

அப்பகுதியில், அம்மாதத்தில் வழக்கமாகக் காணப்படாத பறவையோ, மிகையான எண்ணிக்கையோ பதிவானால் கணினி அதைத் தனியே குறித்து வைக்கும். உள்ளூர்ப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர்கள் புகைப்படம் அல்லது விவரக் குறிப்பு கேட்டுச் சரிபார்ப்பர். உறுதிப்படாதவை ஆய்வுக்கான தரவில் சேர்க்கப்படுவதில்லை.

தெரியவந்தது என்ன?

நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவுகள் இருந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துள்ளதாக 2023 அறிக்கை தெரிவித்தது. மயில்கள் பெருகியுள்ளன. சிட்டுக்குருவி நாடு தழுவிய அளவில் ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், சென்னை, பெங்களூரு, தில்லி உள்ளிட்ட 6 பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

குறைபாடு உண்டா?

ஆர்வலர்கள் மிகுந்த நகரங்களிலிருந்து பதிவுகள் குவிகின்றன; தொலைதூரக் கிராமங்களிலிருந்து குறைவாகவே வருகின்றன. புள்ளியியல் முறைகளால் இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவே சரிசெய்ய முடியும். பதிவே இல்லாத ஊரில் ஒரு பறவை மறைந்தாலும் அது எவருக்கும் தெரியாமலேயே போகும். ஆகவே, அத்தகைய இடங்களிலிருந்து வரும் 15 நிமிடப் பட்டியலும் மதிப்புமிக்கது.