டயரில் பூ இருந்தால் போதுமா?

“பூ அப்படியே இருக்குடா. புது டயரைக் கழட்டிப் போடுறதுக்கு உனக்கு என்ன காசு கொட்டிக் கிடக்குதா?” என்றார் அப்பா.

மலாய் மொழியில் டயரின் வெட்டுத் தடங்களைப் பூ என்றுதான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு நம் வீடுகளிலும் ‘டயர் பூ’ என்பது பழகிவிட்டது. பூ தேய்ந்தால் டயர் போத்தாக். போத்தாக் ஆனால் மாற்ற வேண்டும், ஜேபிஜே பிடித்தால் சம்மன். பூ இருந்தால் கவலை இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக டயரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

பேச்சு அப்பாவின் ஹோண்டா இஎக்ஸ்5 பற்றியது. 1999-இல் வாங்கியது. என்னையும் தங்கையையும் பள்ளிக்கு ஏற்றிப் போனதும், அம்மாவைக் கிள்ளான் சந்தைக்குக் கூட்டிப் போனதும் அந்த மோட்டார்தான். 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் முன்வாசல் போர்ச்சில் நின்றது. ஆணை தளர்ந்தபோது அப்பாவின் முட்டி தளர்ந்துவிட்டது. மோட்டார் நின்ற இடத்திலேயே நின்றது. ரோட்டேக்ஸை மட்டும் வருடம் தவறாமல் எடுத்து வந்தார். ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை.

இப்போது என் மகனுக்கு 19 வயது. பி2 லைசன்ஸ் எடுத்துவிட்டான். ஷா ஆலாமில் போலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. கிள்ளானிலிருந்து தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும். “தாத்தா மோட்டாரை நான் எடுத்துக்கிறேன்” என்றதும் அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அன்று மாலையே எண்ணெய் மாற்றி, பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழுவி ஓட வைத்துவிட்டார்கள். தாத்தாவும் பேரனும் துணியால் துடைத்துத் துடைத்து டயரைக்கூடப் பளபளக்க வைத்துவிட்டார்கள்.

அந்தப் பளபளப்புதான் எனக்கு உறுத்தியது.

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 10 பேரில் 6 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இது நாம் அடிக்கடி படித்துவிட்டுத் தாண்டிப்போகும் கணக்கு. சொந்தப் பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் எடுக்கும்போது தாண்டிப்போக முடிவதில்லை.

டயரின் பக்கச்சுவரில் எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நடுவே ஒரு சிறிய நீள்வட்டக் கட்டத்துக்குள் 4 எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த முறைதான். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே அச்சாகியிருக்கும். அது செயின் பக்கம் மாட்டியிருந்தால் குனிந்து, டார்ச் அடித்துத் தேட வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் வெள்ளைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

முன் டயரில் 4119 என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டின் 41-ஆவது வாரம், அதாவது அக்டோபர். பின் டயரில் 2316. அதாவது 2016 ஜூன்.

அப்பா நம்பவில்லை. “ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினேன். கோவிட்டுக்கு முந்தின வாரம். சந்தைக்கு நாலு தடவைகூட ஓடல.”

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரே நாளில்தான் மாற்றியிருக்கிறார். ஆனால் பின் டயர் அதற்குமுன் ஏறக்குறைய 4 வருடம் எங்கோ கடையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நிழலான, சூடில்லாத கிடங்கில் ஒழுங்காக வைத்திருந்தால் ஓரிரு வருடத்தில் டயர் கெட்டுவிடாது. கடை வாசலில் வெயிலில் கட்டித் தொங்கவிட்டது வேறு கதை. அது எப்படி இருந்தது என்று இப்போது யாருக்குத் தெரியும்? அன்றைக்கு 10 வெள்ளி குறைவு என்று வாங்கியதாக மட்டும் அப்பாவுக்கு நினைவிருக்கிறது.

ஓடாத டயர் ஏன் கெட வேண்டும்? இந்தக் கேள்விக்கு என் பாட்டியிடம் பதில் இருந்திருக்கும். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ரப்பர் ஷீட்டை வெயிலில் மறந்து போட்டுவிட்டால் முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் காய்ந்து வெடிக்கும் என்று சொல்வார். டயர் ரப்பரில் கந்தகம் கலந்து வேகவைத்திருப்பதால் அவ்வளவு சீக்கிரம் அப்படி ஆகாது. ஆனால் எதிரிகள் அதே எதிரிகள்தான்: சூடு, வெயில், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன். இவற்றைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே மெழுகும் சில காப்பு ரசாயனங்களும் சேர்க்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் நெளியும்போது அவை உள்ளிருந்து மேலே கசிந்து வந்து தோலைக் காக்கும். பழைய டயரின் பக்கச்சுவர் பழுப்பேறித் தெரிவது பல நேரம் இந்தக் கசிவுதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நின்றே கிடக்கும் டயருக்கு இந்த நெளிவு இல்லை. வாரம் முழுக்க ஓடும் டயர் தேய்ந்து சாகும். ஓடாத டயர் காய்ந்து சாகும்.

காய்ந்தால் வெடிப்பு மட்டுமா வரும்? ரப்பர் இறுகிப்போகும். பூ ஆழமாகவே இருக்கும், ஆனால் ஈரச் சாலையைப் பிடிக்காது. மோட்டார் டயர் வளைந்து, ஒடுங்கி இருப்பதால் கார் டயரைப் போலத் தண்ணீர் மேல் மிதப்பது அரிது. கப்சாய் ஓடும் வேகத்தில் மழையில் நம்மைக் காப்பாற்றுவது பூவைவிட ரப்பரின் மென்மைதான் என்று நான் சொல்வேன்.

இது எனக்குத் தெரிந்த விதம் வேறு. 2003-இல் நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய மோட்டார் ஒன்று வாங்கினேன். பூ நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம், மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து வழுக்கும் நேரம் அது. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் சுரங்கவழிக்கு இறங்கும் வளைவில் லேசாகப் பிரேக் பிடித்தேன். பின்சக்கரம் என்னைக் கேட்காமல் ஒதுங்கியது. விழுந்து, தரையோடு இழுபட்டு நின்றபோது பின்னால் வந்தவர் ஒரு கை தூரத்தில் நிறுத்தியிருந்தார். முழங்கையில் இன்றும் தழும்பு இருக்கிறது. மறுநாள் பட்டறையில் டயரில் நகத்தைப் பதித்துப் பார்க்கச் சொன்னார்கள். சிலிப்பரின் அடிபோல இறுகிக் கிடந்தது. நகம் பதியவே இல்லை.

அன்று மழையில் என்னை வந்து ஏற்றிப் போனது அப்பா. இதே இஎக்ஸ்5-இல். அதை நான் இப்போது அவரிடம் நினைவுபடுத்தவில்லை. பேரனுக்கு வண்டி கொடுக்கும் சந்தோஷத்தில் இருப்பவரிடம் என்னவென்று சொல்வது?

“பட்டறையில காட்டிட்டு வரலாம்ப்பா. அவங்க சரின்னா சரி” என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.

போவதற்குமுன் வீட்டிலேயே பார்த்தேன். பக்கச்சுவரில் மயிரிழை போல மேலோட்டமான கீறல்கள் இருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய இடம் பூவின் பள்ளம். வெட்டுத் தடத்தின் அடியில், ரப்பர் மிக மெல்லிதாக இருக்கும் இடத்தில், கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பின் டயரில் தெரிந்தது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்னதாக, ஒன்றன்பின் ஒன்றாக. காலை வெயில் கிரில் வழியாக அந்தப் பக்கம்தான் விழும். முன் டயரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தேய்மானத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு: பக்கச்சுவரில் சிறிய முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு. பூ அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. ஜப்பானில் மோட்டார் சைக்கிளுக்கு அந்த வரம்பு 0.8 மில்லிமீட்டர், பிரிட்டனில் 1 மில்லிமீட்டர். எங்கள் இரண்டு டயரும் அந்தச் சோதனையில் பிரமாதமாகத் தேறின. வம்பே அங்கேதான்.

பட்டறை அண்ணன் முதலில் பின் டயரைக் கழற்றினார். அதிகம் பேசுகிறவர் இல்லை. டயரை ரிம்மிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் வெளிப்புறமாக மடக்கி அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். வண்டியில் இருந்தபோது பென்சில் கோடாகத் தெரிந்ததெல்லாம் வாய் திறந்துகொண்டது. ஓரிடத்தில் உள்ளே நூல் அடுக்கு தெரிந்தது.

“ஐயா, இது பேருக்குத்தான் பூ.”

அப்பா விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முன் டயர்தான் உண்மையில் முடிவெடுக்க வேண்டியதாக இருந்தது. 6 வயது. வெடிப்பு இல்லை. மிஷெலின் போன்ற நிறுவனங்கள் சொல்வது இதுதான்: மாட்டி 5 வருடம் ஆனபின் ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டிச் சோதியுங்கள், தயாரித்து 10 வருடமாகிவிட்டால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். 5-க்கும் 10-க்கும் நடுவே இருப்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கில் முன் டயர் தப்பிக்கலாம். பட்டறை அண்ணனும், “சந்தைக்குப் போய்வர இன்னும் ஒரு வருசம் பார்க்கலாம். ஹைவேன்னா உங்க இஷ்டம்” என்றார்.

நான் கேட்டேன்: “அண்ணே, இதையும் கழற்றிப் பார்த்துடலாமே?”

மெயின் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் பின்சக்கரம் தரையில் படாது. பாரம் முன்சக்கரத்தின் மேல். முதல் வருடம் அப்பா வாரா வாரம் கைப்பம்பில் காற்றடித்திருக்கிறார். பம்பு கெட்டபின் விட்டுவிட்டார். டியூப் டயரில் காற்று தானாக இறங்கும். எத்தனை மாதம் காற்றில்லாமல் மடங்கி நின்றதோ, டயரின் உட்புறத்தில் பக்கச்சுவரை ஒட்டி ஒரு மடிப்பு, இஸ்திரி போட்ட சட்டைக் கோடு மாதிரி. வெளியே துளியும் தெரியாத கோடு. அந்த இடத்தில் டியூபும் ஒட்டிப்போய் மெலிந்திருந்தது. ரிம்முக்குள் இருந்த ரப்பர் பட்டை தொட்டதும் பிய்ந்தது.

பின்சக்கரம் வழுக்கினால் சில சமயம் சமாளித்துக்கொள்ளலாம். ஓடும் வேகத்தில் முன் டயரில் திடீரென்று காற்றுப் போனால், 19 வயதுப் பிள்ளை என்ன செய்வான்?

இந்த நேரத்தில் அப்பா, என்னைப் பார்க்காமல், பட்டறை அண்ணனிடம் சொன்னார்: “இவன் ஒருக்கா விழுந்தான். மழையில. நான்தான் போய்த் தூக்கிட்டு வந்தேன்.” பிறகு சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். “ரெண்டையும் மாத்துங்க. டியூபும் புதுசா போடுங்க.”

அளவு பழையதேதான்: முன்னே 2.25-17, பின்னே 2.50-17. மகனுக்குக் கொஞ்சம் அகலமாகப் போட ஆசை. ரிம்முக்கு ஒத்து வராது என்று அண்ணன் மறுத்துவிட்டார். அலமாரியிலிருந்து டயரை எடுத்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பாதான் எண்ணைத் தேடினார். முதலில் எடுத்தது 3 வருடத்துக்கு முந்தியது. “வேற காட்டுங்க” என்றார். டயர், டியூப், பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 190 வெள்ளி.

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். அது தேயும் வரை, முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சாய்த்து ஓட்டாதே, திடீர்ப் பிரேக் பிடிக்காதே என்று மகனிடம் சொன்னேன். செயின் மூடியில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டான். பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. எண்ணெய் நிலையத்தில் காற்று சும்மாதான் கிடைக்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் பிடிப்பது நல்லது. மினுக்கும் திரவம் பூசுவதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். தாத்தாவும் பேரனும் சேர்ந்து பூசியதில் கொஞ்சம் பூவின் மேலும் பட்டிருந்தது. அது மழைக்கு எண்ணெய் தடவிய மாதிரி.

புறப்படும்போது அப்பா பழைய டயர் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார். “வீட்டுப் பின்னால கிடக்கட்டும். எதுக்காவது உதவும்.”

“தாத்தா, தண்ணி தேங்கினா ஏடிஸ் கொசு வரும். சுகாதார இலாகா வந்தா அதுக்கும் சம்மன்” என்றான் பேரன்.

சிறிது நேரம் யோசித்துவிட்டு, முன் டயரைத் திருப்பி உள்ளே இருந்த மடிப்பை இன்னொரு முறை பார்த்தார். இரண்டையும் பட்டறைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பேரனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

“மெதுவா போ. இன்னும் நூறு கிலோமீட்டர் ஆகலை.”