சுற்றிலும் கடல்: குடிக்க எத்தனை குடம்?

1973-ஆம் ஆண்டு, மார்ச் 4. பசிபிக் கடலில் பொழுது விடிந்து சற்று நேரமே ஆகியிருந்தது. பனாமாவிலிருந்து காலபாகஸ் தீவுகளை நோக்கி ‘ஆராலின்’ என்ற 31 அடிப் பாய்மரப் படகு சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் இருவரே: மாரிஸ் பெய்லியும் அவர் மனைவி மாராலினும். இங்கிலாந்தில் தங்கள் வீட்டை விற்றுவிட்டு, படகையே வீடாக்கிக்கொண்டு, தீவு தீவாகக் கடந்து நியூசிலாந்து போய்ச் சேரப் புறப்பட்டவர்கள். திடீரென்று ஒரு திமிங்கிலம் படகில் மோதியது. நீர்மட்டத்திற்குக் கீழே பலகை உடைந்தது. எதை வைத்து அடைத்தும் நீர் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் படகு மூழ்கிவிட்டது.

அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால் எதை எடுப்பீர்கள்? அவர்கள் தகரடப்பா உணவையும் நீர் நிரம்பிய கேன்களையும் ரப்பர் தெப்பத்திலும் சிறு ரப்பர்ப் படகிலும் ஏற்றிக்கொண்டார்கள். அவசரத்தில் தூண்டில் முள்ளை மறந்துவிட்டார்கள். இருவரையும் சற்று நேரம் அந்தத் தெப்பத்திலேயே இருக்கவிட்டு, இப்படிப்பட்ட பயணத்திற்கு ஒரு படகை எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவோம்.

காலபாகஸிலிருந்து அடுத்த தீவுக்கூட்டமான மார்க்கேசாஸுக்கு ஏறத்தாழ 3,000 கடல் மைல், அதாவது 5,500 கிலோமீட்டர். இடையில் நிலமே இல்லை. தென்கிழக்கு வியாபாரக் காற்று பின்னாலிருந்து தள்ள, சிறு படகு ஒன்று நாளைக்குச் சுமார் 100 கடல் மைல் போகும். எனவே 30 நாட்கள். காற்று ஏமாற்றலாம், பாய்மரம் முறியலாம். ஆகவே பாதி கூட்டி 45 நாட்களுக்குக் கணக்கிட வேண்டும். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை காலன், அதாவது இரண்டேகால் லிட்டர் என்பது நெடும்பயணிகளின் பழைய கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான், குளிக்க அல்ல! இப்போது பெருக்கிப் பாருங்கள்: இருவருக்கு 45 நாட்களுக்கு ஏறக்குறைய 200 லிட்டர். உங்கள் வீட்டுக் குடம் 15 லிட்டர் பிடிக்குமானால் பதின்மூன்றரைக் குடம். எடை 200 கிலோ.

இந்த எடையைப் படகின் அடியில், நடுப்பகுதியில் வைக்கிறார்கள். கனம் கீழே இருந்தால் சாய்ந்த படகு தானே நிமிரும். மேலே இருந்தால் கவிழும். நீர் முழுவதையும் ஒரே தொட்டியில் வைப்பதில்லை. ஒரு தொட்டி ஒழுகினாலும் கெட்டாலும் மற்றது இருக்க வேண்டுமல்லவா? இன்று பல படகுகளில் கடல்நீரை அழுத்தித் தள்ளி, நுண்ணிய சவ்வின் வழியே உப்பைப் பிரிக்கும் கருவி இருக்கிறது. ஆனால் அதுவும் ஓர் இயந்திரம்தானே. அது பழுதாகும் நாளுக்காகத் தொட்டியையும் நிரப்பிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சுற்றிலும் இவ்வளவு நீர் இருக்கிறதே, அதையே குடித்தால் என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. நமது சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறக்குறைய 20 கிராம் உப்பைத்தான் வெளியேற்றும். ஆக, 35 கிராமை வெளியேற்ற ஒன்றேமுக்கால் லிட்டர் நீர் தேவை. குடித்ததோ ஒரு லிட்டர். மீதி முக்கால் லிட்டர் உடலுக்குள்ளிருந்து போகிறது. குடிக்கக் குடிக்க உடல் வற்றும். எனினும் சமையலில் கடல்நீருக்கு இடமுண்டு. உருளைக்கிழங்கு வேகும் நீரில் கொஞ்சம் கடல்நீரைச் சேர்த்தால் தனியாக உப்புப் போட வேண்டாம். பாத்திரம் துலக்கவும் அதுவே போதும்.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இரு பக்கமும் அச்சில் மாட்டி, ஊஞ்சல் போல அதைத் தொங்கவிட்டிருப்பார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் புவியீர்ப்பால் அடுப்பு மட்டமாகவே நிற்கும், குழம்பு சிந்தாது.

இனி உணவு. குளிர்பெட்டி இல்லாமல் முட்டையை வாரக்கணக்கில் வைத்திருக்க முடியுமா? முடியும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்; காற்றும் நுண்ணுயிர்களும் உள்ளே போகும். கழுவாத புது முட்டைமீது வாசலைனைத் தடவினால் துளைகள் அடைபடும். எது பழையது என்று அறிய நீரில் போட்டால் போதும். ஈரம் போன அளவுக்கு உள்ளே காற்றறை பெருத்திருக்குமாதலால் பழைய முட்டை மிதக்கும். அம்மாவிடம் கேட்டு, வீட்டிலேயே செய்து பாருங்கள்.

வாழைத்தாரை வாங்கிக் கட்டித் தொங்கவிட்டால் வேறு தொல்லை. ஒரு பழம் பழுத்ததும் அதிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் பழுக்க வைக்கும். பிறகு இருவருமாக மூன்று வேளையும் வாழைப்பழம்தான்! பழமும் காய்கறியும் தீர்ந்தபின் வைட்டமின் ‘சி’க்கு வழி, நம் வீடுகளில் செய்வதுபோல் பச்சைப்பயறை முளைகட்டுவதே. காய்ந்த பயறில் அனேகமாக இல்லாத அந்த வைட்டமின் முளைக்கும்போது உண்டாகிறது.

அட்டைப்பெட்டிகளைக் கரையிலேயே போட்டுவிடுவார்கள்; அவற்றின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். தகரடப்பாக்களின் காகிதச் சீட்டையும் கிழித்துவிடுவார்கள். படகின் அடியில் தேங்கும் நீரில் ஊறிய காகிதம், அந்நீரை இறைக்கும் பம்பை அடைத்துவிடும். டப்பாவின்மீது பெயின்டால் பெயரை எழுதிவைப்பார்கள். எழுத மறந்தால் திறக்கும்போதுதான் தெரியும், இன்றைக்குப் பட்டாணியா, பேரிக்காயா என்று.

மார்க்கேசாஸ் உயர்ந்த எரிமலைத் தீவுகள். மலை மேகத்தைத் தடுப்பதால் மழையும் ஓடையும் பழங்களும் உண்டு. அடுத்து வரும் துவாமோத்து தீவுகளோ கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த பவள வளையங்கள். அங்கே ஓடை இல்லை. மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கும். ஊராருக்கே அளவான அந்த நீரைப் படகுக்காரர் கேட்பது நியாயமல்ல.

மீன் பிடித்துத் தின்னலாமே என்றால், அதிலும் கண்ணி இருக்கிறது. பவளத்திட்டுகளில் பாசியை ஒட்டி வாழும் ஒரு நுண்ணுயிர் நஞ்சை உண்டாக்குகிறது. பாசி தின்னும் மீனிலும், அதைத் தின்னும் பெரிய மீனிலும் அது சேர்ந்துகொண்டே போகும். இந்நோய்க்கு சிகுவட்டெரா என்று பெயர். தாக்கினால் குளிர்ந்த பொருள்கூடச் சுடுவதுபோல் தோன்றும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. அந்நுண்ணுயிரை 1977-இல்தான் கண்டறிந்தார்கள். ஒரு திட்டில் நல்லதாக இருக்கும் மீன் அடுத்த திட்டில் நஞ்சாக இருக்கலாம். எனவே உள்ளூர் மீனவரைக் கேட்காமல் அடுப்பில் ஏற்றக்கூடாது.

தெப்பத்தில் விட்டுவந்த இருவரிடம் திரும்புவோம். டப்பா உணவு தீர்ந்தது. மாராலின் ஊக்குகளை வளைத்துத் தூண்டில் முள் செய்தார். ஆழ்கடல் மீனில் பவளத்திட்டின் நஞ்சு பற்றிய பயமில்லை. ஆமை, கடற்பறவை, சிறு சுறா என எது கிடைத்தாலும் பச்சையாகத் தின்றார்கள். ஆனால் புரதம் செரித்தபின் உண்டாகும் யூரியாவை வெளியேற்றவும் நீர் வேண்டும். நீரின்றி மீனை மட்டும் தின்றால் தாகம்தான் மிகும். அவர்களைக் காத்தது மழை. பூமத்தியரேகையை ஒட்டிச் சூடான ஈரக்காற்று மேலெழுந்து மழையாகப் பொழியும் பகுதியில் அவர்கள் மிதந்தார்கள். பெய்த மழையைப் பிடித்துக் கேன்களில் சேர்த்துக் குடித்தார்கள்.

ஏழு கப்பல்கள் அவர்களைக் காணாமலே கடந்து சென்றன. ஜூன் 30-ஆம் நாள் ‘வோல்மி 306’ என்னும் கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டது. 118 நாட்களில் சுமார் 1,500 மைல் மிதந்திருந்தார்கள். ஆளுக்கு 18 கிலோ அளவில் மெலிந்து, நிற்கவும் முடியாத நிலையில் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். பிறகு இன்னொரு படகு கட்டி, அதற்கு ‘ஆராலின் 2’ என்று பெயரிட்டு, தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவுக்குப் புறப்பட்டார்கள்.