எந்த ஊரம்மா நீங்கள்?

கல்யாணப் புடவை வாங்கப் பெரிய காஞ்சிபுரத்தில் போய் இறங்கினால், தரகர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊரம்மா நீங்கள்?" என்பதுதான். ஊரைச் சொன்னால் போதும். எந்தக் கடைக்கு அழைத்துப் போவது என்று அவரே தீர்மானித்து விடுவார்!

கைப்பேசியில் புடவைக் கடையைத் தேடினாலும் இதே கேள்விதான்: "உங்கள் இருப்பிடத்தை அறியலாமா?" அவசரத்தில் 'அனுமதி' என்று தட்டிவிடுகிறோம். ஜி.பி.எஸ்., அக்கம்பக்கத்து வை-ஃபை இவற்றைக் கொண்டு நாம் இருக்கும் தெருவரை அது தெரிந்துகொள்கிறது. கோயிலுக்கு வழி கேட்டால் சரி. புடவையின் நிறம் பார்க்க நம் வீட்டு வாசற்படி எதற்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறதே!

கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கலாம். குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தட்டி, அனுமதிகளில் 'இருப்பிடம்' என்பதை அணைத்துவிடுங்கள். அந்த ஒரு தளத்துக்கு மட்டுந்தான் இது செல்லும்.

அணைத்தாலும் முழுக்க மறைந்துவிட மாட்டோம். இணைய இணைப்பின் ஐ.பி. எண்ணே உத்தேசமாக ஊரைக் காட்டிவிடும். மறைநிலையில் தேடினாலும் அப்படித்தான். சில சமயம் அதுவும் தப்பு. ஏகாம்பரநாதர் சன்னிதித் தெருவில் இருப்பவரைச் சென்னைவாசி என்று நினைத்துத் தியாகராய நகர்க் கடைகளை வரிசையாகக் காட்டும்!

அதற்கு ஒரு சுலப வழி, ஊரை நாமே எழுதிவிடுவது. 'பட்டுப் புடவை, பெரிய காஞ்சிபுரம்' என்று முழுசாகவே எழுதுங்கள். 'காஞ்சிபுரம்' என்று மட்டும் எழுதினால், வரதராஜர் கோயில் பக்கம் சின்ன காஞ்சிபுரத்துக் கடைகளும் சேர்ந்து வந்து நிற்கும்.